கணித ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான அரசு மானியம் (இந்தியா)

கணித ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான அரசு மானியம் என்பது, கணிதத்தில் அடிப்படை ஆய்வு நடத்துவதையே முதன்மைப் பணியாகக் கொண்ட நிறுவனங்களின் ஊதியம், நூலகம், கட்டடம், ஆய்வு மாணவர் உதவித்தொகை, வருகைதரு அறிஞர்களின் பயணம் முதலிய செலவுகளுக்காக ஒன்றிய அரசோ மாநில அரசோ ஒதுக்கும், திருப்பிச் செலுத்த வேண்டாத நிதியாகும். இந்தியாவில் இந்நிதி இரண்டு வழிகளில் வருகிறது. நிறுவனம் நிறுவனமாகவே நடப்பதற்கு ஆண்டுதோறும் மொத்தமாக வழங்கப்படுவது தொகுதி மானியம். குறிப்பிட்ட ஓர் ஆய்வுக்காகக் குறிப்பிட்ட ஆய்வாளருக்குச் சில ஆண்டுகளுக்கு மட்டும் வழங்கப்படுவது திட்ட நல்கை. முன்னது நின்றால் நிறுவனமே நின்றுவிடும் என்பதால், இக்கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியே பேசுகிறது.

கணித ஆய்வுக்கு முடுக்கியோ தொலைநோக்கியோ தேவையில்லை. ஓர் அறை, ஒரு கரும்பலகை, நல்ல நூலகம், பேசிப் பார்க்கத் தகுந்த நாலு பேர் இருந்தால் போதும் என்று சொல்வதுண்டு. அது ஏறக்குறைய உண்மையும்கூட. ஆனால் அந்த நாலு பேருக்கும் மாதந்தோறும் ஊதியம் வர வேண்டும், ஆய்விதழ்கள் ஆண்டுதோறும் இடையறாது வாங்கப்பட வேண்டும். ஒரு தேற்றத்தை நிறுவப் பத்தாண்டுகள் ஆகலாம், நிறுவ முடியாமலும் போகலாம் என்பதை நிதி தருபவர் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். இத்துறையில் பணத்தின் அளவைவிட அதன் தொடர்ச்சியே பெரிது என்பதற்குச் சென்னையின் வரலாறே போதிய சான்றாகும்.

கணித மேதை இராமானுசனின் நினைவாக 1950-இல் வள்ளல் அழகப்பச் செட்டியார் சென்னையில் இராமானுசன் கணித நிறுவனத்தைத் தொடங்கினார். ஆக்ஸ்ஃபோர்டில் கணித அறிஞர் ஹார்டியிடம் பயின்ற தி. விஜயராகவன் அதன் முதல் இயக்குநராக இருந்து 1955-இல் மறைய, அப்பொறுப்பைச் சி. தி. ராஜகோபால் ஏற்றார். நிறுவனத்தின் செலவு முழுவதும் ஒருவருடைய கொடையை நம்பியிருந்தது. செட்டியாரின் பொருள்நிலை நொடித்து, 1957 ஏப்ரலில் அவர் காலமானபோது நிறுவனத்தை மூடிவிடும் நிலை வந்தது. வானியற்பியலாளர் சு. சந்திரசேகர் பிரதமர் நேருவிடம் இதை எடுத்துச் சென்றதன் பயனாகச் சென்னைப் பல்கலைக்கழகம் அவ்வாண்டிலேயே நிறுவனத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1967-இல் அது பல்கலைக்கழகக் கணிதத் துறையுடன் இணைந்து, பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆதரவு பெற்ற உயர் ஆய்வு மையமாயிற்று. கொடையாளியின் பெருந்தன்மையில் குறையேதும் இல்லை. ஆனால் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆயுள் அதைத் தோற்றுவித்தவரின் ஆயுளோடும் வணிகத்தோடும் கட்டுண்டிருந்தது என்பதே சிக்கல்.

அடுத்த முயற்சி தொடக்கத்திலிருந்தே அரசின் கையைப் பற்றிக்கொண்டு எழுந்தது. இயற்பியலாளர் அல்லாடி இராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தம் இல்லத்திலேயே இளம் ஆய்வாளர்களுக்குக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்குகளை நடத்திவந்தார். 1960-இல் சென்னைக்கு வந்த இயற்பியலாளர் நீல்சு போர் அக்குழுவைப் பாராட்டிப் பேசியது நேருவின் கவனத்தை ஈர்த்தது. அப்போது மாநிலக் கல்வி அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் முனைந்து துணைநிற்க, 1962 ஜனவரி 3 அன்று மாநிலக் கல்லூரியில் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. பின்னர் தரமணியில் தனி வளாகம் கண்ட இந்நிறுவனம் முதல் இருபது ஆண்டுகளில் மாநில அரசின் ஆதரவை முதன்மையாகக் கொண்டு நடந்தது. 1980-களில் ஒன்றிய அரசின் அணுசக்தித் துறை இதன் பொறுப்பை ஏற்ற பின்னரே ஆசிரியர் எண்ணிக்கையும் நூலகமும் இன்றைய அளவுக்கு விரிந்தன.

எண்கோட்பாட்டுக்கும் அணு உலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவருக்கு இது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டதுபோலத் தோன்றக்கூடும். காரணம் கணிதத்தில் இல்லை, ஓமி பாபா என்னும் மனிதரில் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் கணிதமும் பயின்ற பாபா, 1945-இல் சர் தோராப்ஜி டாட்டா அறக்கட்டளையின் உதவியுடன் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியபோது இயற்பியலுக்கு இணையாகக் கணிதத்துக்கும் அதில் இடம் ஒதுக்கினார். 1949-இல் பிரின்ஸ்டனிலிருந்து கே. சந்திரசேகரன் அங்கு வந்து கணிதப் பள்ளியை உருவாக்கினார். சென்னை இலொயோலா கல்லூரியில் பயின்ற சி. எஸ். சேஷாத்திரியும் எம். எஸ். நரசிம்மனும் 1953-இல் அதில் மாணவர்களாகச் சேர்ந்து, பின்னாளில் உலகறிந்த கணித அறிஞர்களாயினர். 1954-இல் அணுசக்தித் துறை அமைந்தபோது அதன் செயலரும் பாபாவே. இவ்வாறு ஒரே மனிதர் இரண்டையும் நடத்தியதால், அந்த ஆராய்ச்சி நிறுவனம் அணு அறிவியலுக்கும் கணிதத்துக்கும் உரிய தேசிய மையம் என்று அரசால் ஏற்கப்பட்டது. கணிதம் அத்துறையின் குடைக்குள் வந்து, பாபா மறைந்து பல பத்தாண்டுகள் ஆன பின்னும் அங்கேயே தங்கிவிட்டது. அத்துறை பிரதமரின் நேரடிப் பொறுப்பில் உள்ளதும், அடிப்படை ஆய்வுக்கு உடனடிப் பயனைக் கணக்குக் கேட்காத மரபு அதில் வேரூன்றியிருந்ததும் கணிதத்துக்கு வாய்த்த நற்பேறு எனலாம். திட்டமிட்டு வகுத்திருந்தால் இத்தகைய ஏற்பாடு அமைந்திருக்குமா என்பது ஐயமே.

நிறுவனங்களுக்கு வெளியே, கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் உள்ள கணிதத்தைப் பேணுவதற்காக 1983-இல் அதே துறை தேசிய உயர் கணித வாரியத்தை அமைத்தது. கணித அறிஞர்களே உறுப்பினராக இருந்து முடிவெடுப்பது இவ்வாரியத்தின் தனித்தன்மை. முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கான உதவித்தொகை, முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி, மாநாட்டுப் பயணச் செலவு, கணித ஒலிம்பியாடு, ஆய்வுத் திட்டங்கள் ஆகியவற்றுக்கு இது நிதி வழங்குகிறது. இவற்றுள் வெளியே அதிகம் பேசப்படாததும் பயன் மிக்கதும் நூலக மானியமே. தன் கல்லூரியில் கிடைக்காத ஒரு பழைய ஆய்விதழைத் தேடி வரும் ஆசிரியர், வாரியத்தின் உதவி பெறும் ஒரு பெரிய நூலகத்தில் அதை எடுத்துப் படித்து, தேவையான பக்கங்களை நகலெடுத்துக்கொண்டு ஊர் திரும்ப முடிவது இதனால்தான். 2025 முதல் ஒன்றிய அரசு ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்னும் திட்டத்தின்கீழ், மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, அரசு நிறுவனங்களுக்குச் சுமார் 13,000 ஆய்விதழ்களை மின்வடிவில் வழங்கிவருவதால் இதழ்ச் சந்தாவின் சுமை ஓரளவு இடம் மாறியுள்ளது.

மானியம் கைக்கு வரும் வழி எளிதன்று. ஒவ்வொரு நிறுவனமும் வரும் ஆண்டுக்கான தேவையைத் துறைக்கு எழுத, துறை அதைத் தன் மானியக் கோரிக்கையில் சேர்க்க, நாடாளுமன்றம் ஒப்புதல் தந்த பிறகு தொகை தவணைகளாக விடுவிக்கப்படும். ஊதியம், பொதுச் செலவு, மூலதனச் சொத்து உருவாக்கம் என்று மூன்று தலைப்புகளில் வரும் தொகையில், ஒரு தலைப்பின் பணத்தை மற்றொன்றுக்கு விருப்பம்போல் மாற்ற இயலாது. கட்டடத்துக்கு வந்த பணம் மீந்து கிடந்தாலும் அதைக் கொண்டு ஓர் ஆய்வாளருக்கு விமானச் சீட்டு வாங்க முடியாது. ஆண்டின் நடுவில் வரும் திருத்திய மதிப்பீட்டில் தொகை குறைக்கப்படலாம். கடைசிக் காலாண்டில் மொத்த ஒதுக்கீட்டில் 33 விழுக்காட்டுக்கு மேலும், மார்ச் மாதத்தில் மட்டும் 15 விழுக்காட்டுக்கு மேலும் செலவழிக்கலாகாது என்பது நிதி அமைச்சகத்தின் பொது வரம்பு. நிதியாண்டு முடிந்தபின், பெற்ற பணம் உரிய நோக்கத்துக்கே செலவாயிற்று என்று உறுதிகூறும் பயன்பாட்டுச் சான்றிதழை அளிக்க வேண்டும், அதன்பின் தணிக்கை. பொதுப்பணம் என்பதால் இவை அனைத்தும் நியாயமே. ஆயினும் ஓராண்டுக்கு முன்பே அழைக்க வேண்டிய வெளிநாட்டு அறிஞருக்கு, அடுத்த நிதியாண்டின் ஒதுக்கீடு தெரியாத நிலையில் என்ன வாக்குக் கொடுப்பது என்பது கணக்குப் பிரிவும் கல்விப் பிரிவும் ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் இக்கட்டாகும்.

அரசும் தனியாரும் சேர்ந்து தாங்கும் நிறுவனங்களும் உண்டு. அலகாபாத்தில் 1966-இல் மேத்தா அறக்கட்டளையின் துணையோடு எழுந்த மேத்தா ஆராய்ச்சி நிறுவனம், பிறகு அணுசக்தித் துறையின் மானியத்துக்குள் வந்து, 2000-இல் ஹரீஷ்-சந்திரா ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் மாறியது. சென்னையில் 1989-இல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் ஒரு பகுதியாகத் தியாகராய நகரில் சேஷாத்திரி தொடங்கிய கணிதப் பள்ளியே இன்றைய சென்னைக் கணிதவியல் கழகம். 1998-இல் இளங்கலைப் படிப்பைத் தொடங்கி, 2005-இல் சிறுசேரிக்கு இடம்பெயர்ந்த இக்கழகம், அணுசக்தித் துறையின் மானியத்தையும் ஸ்ரீராம் குழுமம், இன்ஃபோசிஸ் அறக்கட்டளை போன்றோரின் நன்கொடைகளையும் சேர்த்து இயங்குகிறது. ஒரே புரவலரை நம்பாத இவ்வமைப்பு 1957-இன் பாடத்தை உள்வாங்கியதாகவே தோன்றுகிறது. கேரளத்தில் மாநில அறிவியல் மன்றமும் அணுசக்தித் துறையும் கூட்டாகக் கோழிக்கோட்டில் ஒரு கணிதப் பள்ளியை நடத்துகின்றன.

அமெரிக்காவின் முறை வேறு. அங்குத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1982-இல் பெர்க்லியிலும் மின்னசோட்டாவிலும் கணித நிறுவனங்களைத் தொடங்கிவைத்தபோதே, மானியத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை போட்டியில் வென்று புதுப்பிக்க வேண்டும் என்ற விதியை வைத்தது. நிரந்தர ஆய்வாளர்களை அமர்த்தாமல், பருவத்துக்கொரு தலைப்பில் வெளியிலிருந்து அறிஞர்களை வரவழைப்பது அந்நிறுவனங்களின் வழக்கம். போட்டி தரத்தைக் காக்கிறது. தோற்ற நிறுவனம் மெலிகிறது. மின்னசோட்டா நிறுவனம் பிற்காலத்தில் அந்த மானியத்தை இழந்தது.

இந்தியாவில் போட்டிக்கு இடமுள்ளது திட்ட நல்கையில்தான். அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் 2017-இல் கணித ஆய்வாளர்களுக்கென்றே அறிமுகப்படுத்திய மேட்ரிக்ஸ் என்னும் திட்டம், ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாய் வீதம் மூன்றாண்டுகளுக்கு நல்கை அளித்தது. கருவி வாங்கத் தேவையில்லாத துறைக்கு ஏற்ற சிறு தொகை இது. பிற துறையினர் பார்த்துச் சிரிக்கக்கூடிய அளவு, ஆனால் ஒரு கணித ஆசிரியரின் மூன்றாண்டுப் பயணங்களுக்கும் நூல்களுக்கும் போதுமானது. அவ்வாரியம் 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையுள் அடங்கிவிட்டது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாயைத் திரட்டத் திட்டமிட்டுள்ள அவ்வறக்கட்டளை, அதில் பெரும்பகுதியைத் தனியார் துறை உள்ளிட்ட அரசு சாரா மூலங்களிலிருந்து எதிர்பார்க்கிறது. உடனடி வணிகப் பயன் காட்ட முடியாத தூய கணிதத்துக்கு அந்தப் பங்கில் எவ்வளவு வந்துசேரும் என்பது இனிமேல்தான் தெரியும். தரமணியிலும் பிரயாக்ராஜிலும் (அலகாபாத்) உள்ள கணித நிறுவனங்களின் ஊதியப் பட்டியலுக்கும் நூலகத்துக்கும் உரிய தொகை இன்றும் அணுசக்தித் துறையின் மானியக் கோரிக்கையிலேயே இடம்பெறுகிறது.