தெகிவளையில் ஒரு காத்திருப்பு முற்றம்

“யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்” என்பது நம் முன்னோர் வாக்கு. யானையின் பெருமையைச் சொல்லவே இதனை எடுத்தாளுகிறோம். சற்று நிதானித்துப் பார்த்தால், பெருமையோடு விலையும் அதில் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். தெகிவளை மிருகக்காட்சிச்சாலையின் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பழமொழிதான் நினைவுக்கு வருகிறது.

நேயர்களே, இந்தத் தீவில் யானை வியாபாரம் மிகப் பழையது. ஆனையிறவு என்ற பெயரே அதற்குச் சாட்சி. வன்னிக் காடுகளிலே பிடிக்கப்பட்ட யானைகள் நீரேரியைக் கடந்து குடாநாட்டுக்கு வந்தன. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் விலைபேசப்பட்டு, ஊர்காவற்றுறையிலிருந்து கப்பலேறின.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாங்குவோர் மாறினர். ஐரோப்பிய நகரங்களில் மிருகக்காட்சிச்சாலைகளும் சர்க்கஸ்களும் பெருகின. அவற்றுக்கு மிருகங்களை விநியோகித்தவர்களில் முதன்மையானது ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்து ஹாகன்பெக் குடும்பம். தந்தை கொட்பிரீட் ஒரு மீன் வியாபாரி. 1848 இல் மீனவர் வலையில் அகப்பட்ட ஆறு கடல்நாய்களைக் காசு வாங்கிக்கொண்டு காட்டினார். அந்தச் சிறு வேடிக்கையை மகன் கார்ல் உலக வர்த்தகமாக வளர்த்தார். 1907 இல் ஸ்டெல்லிங்கனில் அவர் திறந்த பூங்காவில் கம்பிகளுக்குப் பதிலாக அகழிகள் இருந்தன. சிங்கத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே வெறும் வெளிதான் இருப்பதாகத் தோன்றியது. இன்றைய மிருகக்காட்சிச்சாலைகள் பல அவர் காட்டிய வழியையே பின்பற்றுகின்றன.

அதே கார்ல் ஹாகன்பெக்தான் மனிதரையும் காட்சிக்கு வைத்தார் என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1880 களில் இலங்கையரைக் குழுக்களாக அழைத்துச் சென்று, யானைகளுடன் சேர்த்து ஐரோப்பிய நகரங்களில் காட்டினார். அகழியின் அப்பால் நின்றவர்கள் நம் ஊரவர்கள். வேடிக்கை பார்ப்பவன் எங்கே நிற்கிறான், பார்க்கப்படுவது எங்கே நிற்கிறது என்ற கேள்வி எனக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கார்லின் தம்பி முறையான ஜோன் ஹாகன்பெக் கொழும்பில் குடியேறி வாணிபம் செய்தவர். முதலாம் உலகப் போரின்போது, ஜேர்மனியர் என்பதால் பிரித்தானிய ஆட்சியில் சொத்துக்களை இழந்தார். பின்னர் திரும்பிவந்து, 1920 களின் பிற்பகுதியில் தெகிவளையில் ஒரு மிருகத் தொகுதியை அமைத்தார். ஐரோப்பாவுக்கு அனுப்பப்படும் உயிர்கள் கப்பல் வரும்வரை காத்திருந்த முற்றம் அது. காத்திருந்தவற்றைப் பார்க்கச் சனங்களும் வந்தார்கள். 1936 இல் கம்பனி கலைக்கப்பட்டபோது அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. மேஜர் ஓப்ரி வெயின்மன் அதன் முதற் பொறுப்பாளரானார். ஜோன் ஹாகன்பெக் 1940 இல் கொழும்பிலேயே காலமானார்.

வெளியேறும் வாசல் இவ்வாறு நுழைவாயிலாயிற்று. பாடசாலைச் சுற்றுலா என்றால் தெகிவளை என்றிருந்த தலைமுறைகள் பல. ஊர்வனவற்றின் கூடம், மீன் காட்சியகம், உள்ளே நடந்து திரியக்கூடிய பறவைக்கூடு, வண்ணத்துப்பூச்சித் தோட்டம் எல்லாம் சிறுவர்களுக்கு விரித்து வைத்த பாடப்புத்தகங்கள். மாலை வேளையில் யானைகளின் நடனம் பல தசாப்தங்களாக அங்கே பெருங்கவர்ச்சியாய் விளங்கியது. கூட்டத்தோடு நின்று நானும் கைதட்டியதுண்டு. அத்தனை பெரிய உடல் ஒரு சிறு முக்காலியில் ஏறி நிற்பது அதிசயந்தான். ஆனால், எந்த யானையும் காட்டில் முக்காலி தேடுவதில்லையே!

இந்தக் கேள்விக்கு விடை தேடும் முயற்சியாகவே பின்னவலையை நான் பார்க்கிறேன். தாயை இழந்த யானைக் கன்றுகளுக்காக 1975 இல் தொடங்கிய அந்தச் சரணாலயம் 1978 இல் தேசிய மிருகக்காட்சிச்சாலையின் பொறுப்பில் வந்தது. 1984 இல் அங்கேயே ஒரு கன்று பிறந்தது. அங்கும் சங்கிலியும் நுழைவுச்சீட்டும் உண்டு. குறை கூறுவோரும் உளர். ஆயினும், காட்டுக்குத் திரும்ப முடியாத அநாதைக்கு ஒரு கூட்டம் கிடைத்ததை அலட்சியப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

தெகிவளை முற்றத்துக்கு அண்மையில் மற்றொரு பயணியும் வந்து சேர்ந்தது. தாய்லாந்து 2001 இல் இலங்கைக்கு அளித்த முத்துராஜா என்ற யானை, முன்னங்கால் ஊறுபட்ட நிலையில், 2022 நவம்பரில் சிகிச்சைக்காக அங்கே கொண்டுவரப்பட்டது. 2023 ஜூலையில் அதனைப் பெரும் இரும்புக் கூண்டில் ஏற்றி, சரக்கு விமானத்தில் பிறந்த நாட்டுக்கே அழைத்துச் சென்றார்கள். ஒரு காலத்தில் விற்பனைக்காக மிருகங்கள் புறப்பட்ட அதே மண்ணிலிருந்து, ஒரு யானை வைத்தியத்துக்காகப் புறப்பட்டது.

கூண்டு அன்றும் இருந்தது, இன்றும் இருந்தது. மாறியது அது போய்ச்சேரும் இடமும், அனுப்பிவைத்தவர்களின் நோக்கமுமே. ஒரு மிருகக்காட்சிச்சாலையை எத்தனை மிருகங்கள் உண்டு என்று எண்ணி மதிப்பிடுவதே நம் வழக்கம். நேயர்களே, அடுத்தமுறை பிள்ளைகளோடு போகும்போது, அங்குள்ள உயிர் எதற்காகக் காத்திருக்கிறது என்றும் கேட்டுப் பாருங்கள். ஆயிரம் பொன் என்பது அந்தக் கேள்விக்கு விடையாகாது.