சூர்மகளுக்கு இசக்கி என்று பெயர்

தென்காசி வட்டாரத்தில் எந்தப் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலும் இசக்கிமுத்து ஒருவன் இருப்பான். இசக்கியம்மாள், இசக்கிராஜா, இசக்கிதுரை, இசக்கிப்பாண்டி என்று வரிசை நீளும். ஆய்க்குடி பஸ் நிறுத்தத்தில் நின்று "ஏல இசக்கி" என்று ஒரு குரல் கொடுத்தால் இரண்டு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அதே ஊரில், உச்சிப்பொழுதில் கள்ளிப்புதர்ப் பக்கம் போகிற புள்ளத்தாச்சியிடம் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "அந்தத் தடத்துல போவாத தாயி, அவ நிக்கா" என்பதோடு சரி. யார் என்று தாயியும் கேட்க மாட்டாள்.

பிள்ளைக்கு ஆசையாக வைக்கிற பெயரும், பிள்ளையைக் கடித்துத் தின்கிறவளின் பெயரும் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் அந்தச் சொல் நடந்து வந்த வழியில் இருக்கிறது.

இசக்கிக்கு முந்திய வடிவம் இயக்கி. பேச்சுத்தமிழில் யகரம் சகரமாவது அன்றாடம் நடப்பது. உயிர் உசிராகிறது, உயரம் ஒசரமாகிறது, முயல் முசலாகிறது, ஈயல் ஈசலாகிறது. மயிர் மசிராகிறது. கடைசிச் சொல் நெல்லைச் சீமையில் பெரும்பாலும் வசவாகத்தான் பிழைத்துக் கிடக்கிறது. அதனால் சான்றாக நிற்கும் தகுதி அதற்குக் குறைந்துவிடாது. இயக்கி இசக்கியானதும் இதே தடத்தில்தான். குமரி மாவட்டத்தில் இன்றைக்கும் இரண்டு வடிவமும் வழங்குகின்றன. இயக்கியம்மன் என்று எழுதிய பலகையைத் தாண்டி நாலு தெரு போனால் இசக்கியம்மன் என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பவள் ஒருத்திதான்.

இயக்கிக்கு முந்தியது யக்ஷி. தமிழ்ச் சொல்லுக்கு முதலில் யகரம் நிற்பதென்றால் ஆகாரத்தோடுதான் நிற்க வேண்டும் என்கிறது தொல்காப்பியம். யாறு வரலாம், யானை வரலாம். 'யக்' என்று தொடங்க வழியில்லை. ஆகவே முன்னால் ஓர் இகரத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. யமன் இயமனானதும் யந்திரம் இயந்திரமானதும் இப்படித்தான். க்ஷகரம் ககர இரட்டையாவதும் பழகிய வழக்கம். ராக்ஷசன் அரக்கனான கதையைப் பார்த்தால் போதும், இரண்டு வேலையும் ஒரே சொல்லில் நடந்திருக்கின்றன: முன்னால் ஓர் உயிரெழுத்து சேர்ந்தது, நடுவில் க்ஷ போய் க்க வந்தது. இயக்கி அரக்கனுக்குச் சொல்வழியில் ஒன்றுவிட்ட தங்கை.

கோயில் சொற்பொழிவுகளில் வேறொரு விளக்கம் சொல்வார்கள். உலகத்தையே இயக்குபவள், ஆகவே இயக்கி. கேட்க நன்றாக இருக்கும், கைதட்டலும் விழும். ஆனால் இது அம்மனைப் பெரிய தெய்வமாக்க வேண்டும் என்ற ஆசை பிறந்த பிறகு செய்த விளக்கம். இயக்கி என்ற பெயர் தமிழில் எங்கெங்கே வந்தது, யார் யாரைக் குறித்தது என்று பார்த்தால் அந்த ஆசைக்கு இடமில்லாமல் போகிறது.

சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் மாதரி என்ற இடைச்சி, மதுரைக்கு வெளியே இருக்கும் இயக்கிக்குப் பால்மடை படைத்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் கவுந்தியடிகளையும் கண்ணகியையும் காண்கிறாள். நகருக்குள் அல்ல, புறத்தே. இன்றைய இசக்கிக்கும் ஊர் எல்லைதான் இடம். கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் கவுந்தி சமணத் துறவி என்பதையும் இங்கே கவனிக்கலாம். இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களுக்கும் ஆளுக்கொரு யக்ஷனும் யக்ஷியும் காவல் என்பது சமணர் கணக்கு. நேமிநாதருக்கு அம்பிகா, பார்சுவநாதருக்குப் பத்மாவதி. ஆய்க்குடிக்குக் கிழக்கே, கோவில்பட்டிக்குப் போகும் வழியில் இருக்கும் கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர்களோடு இவர்களையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அம்பிகாவின் பக்கத்தில் பிள்ளைகளும் ஒரு சிங்கமும் இருக்கும்.

தெற்கே குமரி மாவட்டத்துச் சிதறால் மலையிலும் சமணப் பள்ளி இருந்தது. அங்கே ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண்துறவி அங்குள்ள படாரியார் என்ற பெண்தெய்வத்துக்குப் பொன்னணி கொடுத்த செய்தியைச் சொல்கிறது. சமணம் போன பிறகும் மலை கோயிலாகவே இருந்தது. இன்று அங்கே கும்பிடுவது பகவதியை.

அம்பிகாவின் கதையைச் சற்று நின்று கேட்க வேண்டும். அவள் ஒரு பிராமணன் மனைவி. வீட்டில் திதி. சமைத்து வைத்ததை, சடங்கு முடியும் முன்பே, வாசலில் வந்து நின்ற சமணத் துறவிக்கு அள்ளிப் போட்டுவிட்டாள். புருஷன் அவளை இரண்டு பிள்ளைகளோடு வெளியே துரத்தினான். அவள் உயிரை விட்டு யக்ஷியானாள். பிறகு புருஷனும் செத்து, அவளைச் சுமக்கும் சிங்கமானான். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பெண், இடுப்பில் பிள்ளை, அகாலச் சாவு, பிறகு தெய்வம். இசக்கியின் எலும்புக்கூடு முழுக்க இதில் இருக்கிறது. புத்தர் கதையில் வரும் ஹாரிதியும் யக்ஷிதான். ஊர்ப் பிள்ளைகளைத் திருடித் தின்றவள், திருந்தியபின் பிள்ளைகளுக்கே காவலானாள். தின்பதும் காப்பதும் ஒரே கை என்ற எண்ணம் இங்கே முளைத்தது அல்ல, பெயரோடு சேர்ந்தே வந்தது.

வேளார் செய்யும் இசக்கி மண்ணுருவத்தைக் கிட்டே போய்ப் பார்த்தால் இது விளங்கும். செக்கச்செவேல் புடவை, பிதுங்கிய விழி, கடைவாயில் வளைந்த பல். இடுப்பில் ஒரு பிள்ளை சுகமாக உட்கார்ந்திருக்கும். இன்னொரு பிள்ளை வாயில் கிடக்கும், கால் வெளியே தொங்கும். பிள்ளைவரம் கேட்டு வந்தவர்கள் அந்த உருவத்துக்கு முன்னால்தான் தொட்டில் கட்டுகிறார்கள். தங்காமல் தங்கிய பிள்ளைக்கு அவள் பெயரையே வைத்துவிடுகிறார்கள். தன் பெயர்க்காரனை அவள் தின்னமாட்டாள் என்பது கணக்கு. பிச்சை, குப்பை என்று பெயரிட்டு எமனை ஏமாற்றுவதும் இந்தத் தந்திரத்தின் இன்னொரு வகைதான். அது மறைந்துகொள்வது, இது சரணடைவது.

ஆனால் பெயர் வடக்கிலிருந்து வந்தது என்பதால் பயமும் வடக்கிலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டால் பெரிய பிழையாகும். பெயர் வருவதற்கு முன்பே மலையில் ஒருத்தி இருந்தாள்.

புறநானூற்றில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடிப் பாடிச் சலிக்காத வள்ளல் ஆய் அண்டிரன். பொதியில் அவன் மலை. அவனுடைய ஆய்குடி எங்கள் ஊர்தான் என்பது ஆய்க்குடிக்காரர்களின் பிடிவாதம். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் குற்றால மலையும் அதன் தெற்கே பொதிகைத் தொடரும் தெரிகிற ஊர். பிடிவாதத்தைத் தள்ளிவிடவும் முடியவில்லை. இந்த ஆய் நாட்டு மலையைப் பற்றிப் பரணர் அகநானூற்றில் 198ஆம் பாட்டில் பேசுகிறார். ஊர் அடங்கிய நடுச்சாமத்தில் சத்தமில்லாமல் வந்து, தழுவி, சத்தமில்லாமல் போன பெண்ணைப் பற்றி ஒருவன் தன் நெஞ்சோடு பேசிக்கொள்கிறான். நெஞ்சு சொல்கிறது: அவள் மனுஷி இல்லை, தெற்கே ஆய் நாட்டில், அணங்கு குடியிருக்கும் மலையில், கவிரம் என்ற சிகரத்துச் சுனையில் வாழும் சூர்மகள்.

காதல் பாட்டுதான். ஆனால் அந்த உவமை கேட்பவர் முதுகில் சில்லிட வேண்டும் என்றுதான் போடப்பட்டது. தென்பொதிகையின் மிகப் பழைய பேய்க்கதை இந்த நாலு வரிக்குள் இருக்கிறது என்பேன். சுனை, நடுச்சாமம், காலடி ஓசை இல்லாத பெண்: பின்னால் வந்த யட்சிக் கதைகள் புதிதாகச் சேர்த்துக்கொண்டது அதிகமில்லை.

சூர் என்ற சொல் அச்சத்தையும் குறிக்கும், அச்சம் தருவதையும் குறிக்கும். இந்தச் சொல் பிற்காலத்தில் இரண்டாகப் பிரிந்து போயிற்று என்பது என் எண்ணம். ஆண்பால் பாதி சூரனாகி முருகனிடம் வந்து சேர்ந்தது. கந்த சஷ்டிதோறும் முருகன் கோயில்களில் தலை மாற்றி மாற்றி வந்து வேல்பட்டு விழுகிறவன் அவன். பெண்பால் பாதிக்கு அப்படி ஒரு சம்ஹாரம் யாரும் எழுதி வைக்கவில்லை. சூர்மகள் என்ற பெயர் மட்டும் வழக்கொழிந்தது. சுனையும் மரத்தடியும் அவளிடமே இருந்தன. அந்த வெற்றிடத்தில்தான் சமணர் கொண்டுவந்த இயக்கி என்ற பெயர் வந்து பொருந்தியிருக்க வேண்டும். யக்ஷியும் மரத்துக்கும் நீருக்கும் உரியவள் அல்லவா, பொருத்தம் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை.

பெயர் ஒட்டிக்கொண்டது, கதை வேண்டுமே. அதைக் கொடுத்தவள் நீலி.

நீலிக்கண்ணீர் என்று அரசியல் மேடையில் தினம் சொல்கிறார்களே, அந்த நீலி. திருவாலங்காட்டை அடுத்த பழையனூர்தான் அவள் ஊர். முற்பிறப்பில் தன்னைக் கொன்ற புருஷனைத் தேடி வருகிறாள். அவன் இப்போது செட்டி. கையில் மந்திரவாள் இருக்கிறவரை அவளால் கிட்டே போக முடியாது. வழியில் ஒரு கள்ளிக்கொம்பை முறித்து இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். அது பிள்ளையாகிறது. பழையனூர் வேளாளர் சபையில் போய் நின்று, என் புருஷன் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறான் என்று அழுகிறாள். இவள் பேய் என்று அவன் கதறுகிறான். பிள்ளையை இறக்கிவிடுகிறார்கள். கள்ளிப்பிள்ளை நேராகச் செட்டியின் மடிக்குத் தவழ்ந்து போய் அப்பா என்கிறது. அதற்குமேல் சபைக்கு என்ன சாட்சி வேண்டும்? வாளை வாங்கி வைத்துக்கொண்டு, உன் உயிருக்கு எழுபது பேர் உயிர் பிணை என்று வாக்குக் கொடுத்து, இருவரையும் ஒரு வீட்டில் இரவு தங்க வைத்தார்கள். காலையில் செட்டி பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்படி தீக்குளித்தார்கள்.

நல்ல பேய்க்கதையில் பேய் இருட்டில் வரும். இந்தக் கதையில் அவள் பட்டப்பகலில், சபை நடுவில், நியாயம் கேட்டு வருகிறாள். உண்மை சொல்கிறவனை ஒருவரும் நம்பவில்லை என்பதுதான் இதன் பயங்கரம். செட்டிக்காக இரங்கிக்கொண்டிருக்கும்போதே, போன பிறவியில் கொன்றவன் அவன்தானே என்ற நினைப்பு குறுக்கே விழும். ஏழாம் நூற்றாண்டுச் சம்பந்தர் தேவாரத்திலேயே இந்த வஞ்சம் குறிப்பாக வந்துவிடுகிறது. சமணர்களும் சும்மா விடவில்லை. பழையனூர் நீலியை மனம்மாற்றி, ஊர் ஊராகப் போய்ப் பிற சமயத்தாரை வாதில் வெல்கிறவளாக்கி 'நீலகேசி' என்று ஒரு காப்பியமே செய்தார்கள். பேயைத் தருக்கவாதியாக்கியது வேறு எந்த இலக்கியத்தில் உண்டு என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

தெற்கே வந்த நீலி, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் பக்கத்து முப்பந்தலில் இசக்கியானாள். வில்லுப்பாட்டில் அவள் தாசி வீட்டுப் பெண்; நகைக்காகக் காதலன் கள்ளிக்காட்டில் கல்லைத் தலையில் போட்டுக் கொன்றான்; பார்த்திருந்த கள்ளிதான் சாட்சி. அதனால்தான் அடுத்த பிறவியில் கள்ளி பிள்ளையாக வந்து சாட்சி சொல்கிறது. வடக்கத்திக் கதையில் மந்திரவேலையாக இருந்த கள்ளிக்கொம்பு, தெற்கே வந்ததும் ஞாயமாகிவிட்டது. வட்டாரம் ஒரு கதையைத் தனதாக்கிக்கொள்வது இப்படித்தான்.

கொடைவிழாவில் இந்தக் கதை சாமக்கொடைக்கு முன்னால் சூடுபிடிக்கும். நீளமான வில், அதில் கட்டிய மணிகள், வீசுகோல் விழுகிற வேகத்தில் கலகலக்கும். பக்கத்தில் குடத்தின் வாயை மட்டையால் அடிக்கிற சத்தம் வயிற்றுக்குள் கேட்கும். பிள்ளை பிறக்கிற கட்டம் வந்ததும் பாடுகிறவர் நிறுத்தி, "தாய்மாருங்க ஒரு குலவை போடணும்" என்பார். கொலைக்கட்டத்தில் அப்படிக் கேட்க வேண்டியதில்லை. கல் விழுகிற வரியில் சாமியாடும் கோமரத்தாடிக்கு உடம்பு உதறத் தொடங்கும். வில்லுப்பாட்டுக்காரர்கள் தெய்வங்களை இரண்டாகப் பிரிப்பார்கள்: கைலாசத்தில் பிறந்தவை ஒருவகை, இறந்துபட்ட வாதைகள் மறுவகை. கொலையுண்டவர்கள், பிரசவத்தில் போனவர்கள், நாண்டுகொண்டவர்கள் எல்லாம் இரண்டாவது வகை. இசக்கி பாட்டில் கைலாசத்தில் கால் வைத்தாலும், கும்பிடுகிறவர் மனதில் இரண்டாவது வகைதான். பல ஊர்களில் இசக்கி என்பது ஒருத்தியின் பெயராக இல்லாமல், அகாலத்தில் செத்த பெண்ணுக்கு ஊர் கொடுக்கும் பட்டமாகவே ஆகிவிட்டது. இன்ன மரத்தடி இசக்கி, இன்ன குளத்து இசக்கி என்று அடைமொழி கேட்பது அதனால்தான். பட்டத்துக்குக் கீழே யாரோ ஒரு பெண்ணின் சொந்தப் பெயர் புதைந்து கிடக்கும்.

கடல் தாண்டியும் இந்தச் சொல் போயிருக்கிறது. விஜயனை மணந்த குவேனி யக்கினி என்கிறது மகாவம்சம். சிங்களத்தில் யகா என்றால் இன்று பிசாசு. வடக்கே காளிதாசனின் மேகதூதத்தில் யக்ஷன் மேகத்திடம் தூது சொல்லி ஏங்கும் காதலன். ஒரே சொல்லுக்கு இவ்வளவு தூர இடைவெளி.

கணவாய்க்கு அந்தப் பக்கம் போன யக்ஷி மலையாளத்தில் பிள்ளையை எங்கோ இறக்கி வைத்துவிட்டாள். அங்கே அவள் பாலைமரத்தடியில் நின்று தனிவழிக்காரனிடம் சுண்ணாம்பு கேட்கும் வெள்ளைச்சேலைப் பேரழகி. இசக்கியிடம் பயப்படுவது கர்ப்பிணிகள், யட்சியிடம் பயப்படுவது ஆண்பிள்ளைகள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் திருக்கொச்சியோடும் இருந்த ஊர். அதனால் அங்கே இருவருக்கும் அஞ்ச வேண்டியிருந்தது. மலையாள யட்சிகளில் பேர்போனவள் கள்ளியங்காட்டு நீலி. கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரவாதப் பாதிரியார் அவளை அடக்கிய கதையைக் கேரளத்துப் பிள்ளைகள் எல்லாரும் கேட்டு வளர்கிறார்கள். 2025இல் வந்த 'லோகா' மலையாளப் படம் அவளையே நாயகியாக்கி ஓடு ஓடென்று ஓடியது. கள்ளியங்காடு இருப்பது நாகர்கோவிலை அடுத்து. அதே 1956இல் தமிழ்நாட்டுப் பக்கம் வந்த நிலம் அது.