ஊதாப்பூவின் நிறமும் எங்கட தோலும்

டேர்மட்டோமயோசைட்டிஸ். பெயரைப் பார்த்துப் பயப்படாதீங்கோ. கிரேக்கத்தில் 'டேர்மா' எண்டால் தோல், 'மயோ' எண்டால் தசை. கடைசியில் வருவது அழற்சியைக் குறிக்கும் ஒட்டு. உடம்பைக் காக்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி தன்னுடைய தோலையும் தசையையுமே தாக்குகிற ஒரு அரிய நோய் இது. தொற்றாது. சின்னப்பிள்ளைகளுக்கும் வரும், பெரியாக்களுக்கும் வரும்.

இதன் மருத்துவ வரலாறு ஜேர்மன் வைத்தியர்களிடம் தொடங்குது. 1863இல் ஏர்ன்ஸ்ட் வாக்னர் தசை அழற்சி பற்றி எழுதினார். 1891இல் ஹைன்ரிக் உன்வெரிக்ட் தோலையும் சேர்த்து இன்றைய பெயரை வைத்தார். விரல் மொளிகளில் வரும் தடிப்புகளுக்கு ஹைன்ரிக் கோட்ரோனின் பெயர் நிலைத்தது. மேல் இமையில் படரும் நிறத்துக்கோ ஹெலியோட்ரோப் எண்ட ஊதாப்பூவின் பெயர்.

இங்கதான் ஒரு பிரச்சினை இருக்கு. அந்த ஊதாவும் சிவப்பும் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்டவை. எங்கட மண்ணிறத் தோலில் அதே அழற்சி கறுத்த திட்டாகவோ கருமை கலந்த ஊதாவாகவோ தெரியலாம். "வெயிலில திரிஞ்சு கறுத்திட்டாய்" எண்டு வீட்டில சொல்லுவினம். அலர்ஜி எண்டு கிறீம் பூசுவினம். அதுக்குள்ள மாதங்கள் ஓடிவிடும். தசை அதுவரை காத்திருக்காது.

அதனால நிறத்தைவிட இடத்தைக் கவனிக்க வேணும். லூபஸ் நோயில் கைத் தடிப்பு பெரும்பாலும் மொளிகளுக்கு இடையில் வரும். இதிலோ மொளிகளுக்கு மேலேயே வரும். முழங்கை, முழங்காலிலும் வரலாம். கூடவே தலை இழுக்கக் கை தூக்க ஏலாது, கதிரையிலிருந்து எழும்பக் கஷ்டம், படியேறக் கஷ்டம் எண்டால் அது வெறும் களைப்பு இல்லாமல் இருக்கலாம்.

1975இல் போகன், பீட்டர் என்ற இருவர் நோயை நிர்ணயிக்க ஐந்து விடயங்களை வகுத்தார்கள்: தோள், இடுப்புத் தசைகளின் பலவீனம், இரத்தத்தில் கூடும் தசை நொதியங்கள், தசையின் மின் பரிசோதனை, தசை இழையப் பரிசோதனை, தோல் அடையாளங்கள். ஆனால் தசை பெரிசாகப் பாதிக்கப்படாமலே சுவாசப்பையை வேகமாகத் தாக்கும் வகையும் உண்டு. அதோடு தொடர்புள்ள ஒரு பிறபொருளெதிரியை 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பெரியாக்களில் சிலருக்கு இந்த நோயோடு புற்றுநோயும் இருக்கக்கூடும். அதையும் தேடிப் பார்ப்பார்கள்.

சிகிச்சையில் பெரிய திருப்பம் கோட்டிசோன். 1948இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் அது முதலில் மூட்டுவாத நோயாளிக்குத்தான் கொடுக்கப்பட்டது. 1950இல் அந்தப் பணிக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதுக்கு முந்திய காலத்தில் இந்த நோய் வந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் இறந்தார்கள், இன்னொரு பங்கினர் ஊனத்தோடு வாழ்ந்தார்கள். இன்று ஸ்டெரொயிட்டோடு மெத்தோட்ரெக்சேட், அசதியோப்பிரின் போன்ற மருந்துகளும் இருக்கு. நரம்பு வழியாக ஏற்றும் இம்யூனோகுளோபியூலினின் பயன் 95 பேரைக் கொண்ட பரிசோதனையில் உறுதியாகி, முடிவு 2022இல் வெளியானது. வெயிலைத் தவிர்ப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். சுகம் வந்திட்டுது எண்டு ஸ்டெரொயிட்டைத் தன்பாட்டில் நிறுத்தக்கூடாது.

மருந்து இருக்கு, பரிசோதனை இருக்கு. ஆனால் ரெண்டும் தொடங்குவது யாரோ ஒருவர் அந்தத் தோலை அடையாளம் காணுறதில. பாடப்புத்தகப் படங்களில் மண்ணிறத் தோலும் வரவேணும். அதுவரை, இமையும் மொளியும் ஒண்டாகக் கறுத்து, கையும் தூக்க ஏலாமல் போனால், "வெயில்" எண்டு விடாமல் டொக்டரிட்ட போய் ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்கோ.