பந்தலும் மண்டபமும்

சிவகாசி மாணவர்க்கு ஓசையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. திறந்த திடலில் வெடித்த வெடி ஒரே ஓசையோடு ஓய்ந்துவிடும். அதுவே சுவர்கள் நெருங்கிய சந்தில் வெடித்தாலோ, முழக்கம் நீண்டு நிற்கும். சென்னை மியூசிக் அகாடமி மண்டபத்தைக் காணச் செல்வோர் இந்த அனுபவத்தை உடன்கொண்டு செல்க.

1928-இல் தோன்றிய அகாடமி, நெடுங்காலம் சொந்த மண்டபமின்றி இசைவிழா நடத்திற்று. 1955-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1962-இல் ஜயசாமராஜ உடையார் மண்டபத்தைத் திறந்து வைத்தார். அவ்விரு ஆண்டுகளிலும் முதலமைச்சராக விளங்கியவர் நம் விருதுநகர்க் காமராசர்.

பந்தலில் பாடிய குரல் கீற்றினூடே வெளியேறிவிடும். ஒலிபெருக்கி வராத நாளில் பாடகர்கள் தொண்டையையே பணயம் வைத்தனர் எனலாம். மண்டபத்திலோ சுவர்கள் குரலைத் திருப்பித் தரும். அவ்வெதிரொலி மிகுந்தால் விரைவான சுரங்கள் ஒன்றன்மேலொன்று ஏறிக் குழம்பும். அறவே இல்லையேல் குரல் வறண்டு போகும். இதனை அளந்து கணக்கிட்டவர் அமெரிக்க அறிஞர் சபைன், 1895-இல் தொடங்கினார். கல்லும் சுண்ணமும் ஓசையைத் திருப்பும். மெத்தையும் துணியும், ஏன், அமர்ந்திருக்கும் மனிதருங்கூட அதனை விழுங்குவர்!

ஆகவே, ஏறத்தாழ 1,600 பேர் அமரும் அம்மண்டபம் காலியாக இருக்கும்போதே சென்று, ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். பிறகு, அவை நிறைந்தபின் மிருதங்கத்தின் முதல் தட்டைக் கேளுங்கள்.