ஜாஸ் பியானோவின் போதினிகள்

ஜாஸ் சங்கீதத்தைப் புத்தகத்தின் வாயிலாகக் கற்க இயலாது என்னும் அபிப்பிராயம் ஏறக்குறைய அந்தச் சங்கீதத்தின் வயதை ஒத்தது. அதை உருவாக்கிய வித்துவான்களில் பலர் அப்படிச் சொன்னார்கள், அவர்களைக் கேட்டு உள்ளம் பறிகொடுத்த ரசிகர்களும் அதையே பிரமாணமாகக் கொண்டார்கள். ஆயினும், ‘ஜாஸ்’ என்ற சொல் ஒரு சங்கீத வகையின் பெயராக அமெரிக்கப் பத்திரிகைகளில் புழங்கத் தொடங்கியது 1915ஆம் ஆண்டையொட்டித்தான். அதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே, அதன் முன்னோடியான ராக்டைமைப் பியானோவில் வாசிக்கக் கற்பிக்கும் போதினி ஒன்று சிகாகோ நகரில் அச்சாகி விற்பனைக்கு வந்துவிட்டது. பென் ஹார்னி என்பவரின் பெயரால் 1897இல் வெளியான அந்த ‘ராக்டைம் இன்ஸ்ட்ரக்டர்’ தொட்டு இன்றுவரை, கற்பிக்க முடியாதென்று கருதப்பட்டதைக் கற்பிக்க முனைந்த நூல்களின் வரிசை அறுபடவே இல்லை. அவ்வரிசையை வெறும் வியாபார சரித்திரமாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு சங்கீதத்தில் எது காகிதத்தில் இறங்கும், எது இறங்க மறுக்கும் என்ற விசாரணை நூறாண்டுக்கு மேலாக அந்தப் பக்கங்களில் நடந்துவந்திருக்கிறது.

அக்காலத்து அமெரிக்காவில் பியானோ நடுத்தரக் குடும்பத்தின் கூடத்தை அலங்கரித்த பொருளாகவும், மாலைப் பொழுதின் பிரதான கேளிக்கையாகவும் விளங்கியது. உற்பத்தி உச்சத்தை எட்டிய 1909ஆம் ஆண்டில் மட்டும் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பியானோக்கள் அந்நாட்டில் செய்யப்பட்டன. வாத்தியம் வீட்டில் இருந்தது. புதிய மெட்டுகளின்மேல் மோகமும் இருந்தது. விடுதிகளிலும் நாடகக் கொட்டகைகளிலும் கேட்ட அந்தத் துள்ளலை வீட்டில் எழுப்பும் வித்தைதான் கைவசமாகவில்லை. அந்தக் குறையை ஆக்ஸல் கிறிஸ்டென்சன் என்ற சிகாகோவாசி கண்டுகொண்டார். 1903இல் பள்ளி தொடங்கி, பத்தே பாடங்களில் ராக்டைம் கற்பிப்பதாக விளம்பரம் செய்து, மறு ஆண்டே தம் போதினியையும் பிரசுரித்து, பல நகரங்களில் கிளைகள் பரப்பி, 1914இன் இறுதியில் ‘ராக்டைம் ரெவ்யூ’ என்ற பத்திரிகையையும் ஆரம்பித்தார். சில தாள அமைப்புகளை மனனம் செய்துகொண்டு எந்த மெட்டின்மீதும் அவற்றைப் பொருத்திவிடலாம் என்பதே அவர் முறை. அது எளிய முறை. சங்கீதப் பயிற்சியே இல்லாத எத்தனையோ பேரைப் பியானோவின் முன் அமர்த்தியதும் அதுதான். ஆனால் ராக்டைமைப் படைத்தவர்கள் கறுப்பின மக்கள் என்பதையும், அதைப் பாடமாக்கி விற்று ஊதியம் கண்ட அந்தப் பெரும் ஸ்தாபனம் அவர்களுடையதன்று என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இந்த வேற்றுமை பின்னரும் நெடுங்காலம் தொடர்ந்தது.

படைத்தவரே எழுதிய போதினி ஒன்று உண்டு. ஸ்காட் ஜாப்ளின், அடிமையாயிருந்து விடுதலை பெற்ற தந்தையின் புதல்வர்; 1899இல் மிஸௌரி மாகாணத்துச் செடேலியா நகரில் ஜான் ஸ்டார்க் பிரசுரித்த ‘மேப்பிள் லீஃப் ராக்’ மூலம் நாடறியப் பெற்றவர். 1908இல் அவர் ‘ஸ்கூல் ஆஃப் ராக்டைம்’ என்னும் சிறு நூலை வெளியிட்டார். அதில் இருப்பவை ஆறே அப்பியாசங்கள். மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவருக்கு இவ்வளவுதானா என்று தோன்றும்; ஊன்றிப் பார்ப்பவருக்கோ, ஒரு மேதை தன் கலையின் உயிர்நிலை எதுவென்று தெளிந்து, அதைத் தவிர வேறொன்றையும் அப்பக்கங்களில் அனுமதிக்கவில்லை என்பது விளங்கும். இடக்கை தாளத்தைத் தவறாமல் தட்டிச் செல்ல, வலக்கையின் ஸ்வரம் அந்தத் தட்டின்மீது விழாமல் அதற்கு முன்போ பின்போ விழுந்து அடுத்த தட்டுவரை நீள்வதுதான் ராக்டைமின் சூட்சுமம். அதீதம், அனாகதம் என்ற எடுப்புகளை அறிந்த நம்மவர்க்கு இது புதிதன்று. ஜாப்ளின் வழக்கமான இரு ஸ்வர வரிசைகளுக்கு மேலே மூன்றாவதாக ஒரு வரிசை எழுதி, எந்த ஸ்வரம் எந்தத் தட்டோடு எங்கே சந்திக்கிறது என்பதைப் புள்ளிக் கோடுகளால் மேலிருந்து கீழ்வரை பிணைத்துக் காட்டினார். நிதானமாக வாசிக்கவேண்டும், அந்த அசைவு கைக்கு வரும்வரை பொறுக்கவேண்டும், எக்காலத்திலும் விரைந்து வாசிக்கலாகாது என்று கண்டிப்புடன் எச்சரித்தார். அந்த அசைவைக் குறிக்க 1908இலேயே அவர் ‘ஸ்விங்’ என்ற சொல்லைக் கையாண்டிருக்கிறார் என்பது சரித்திரப் பிரியர்கள் மனத்தில் இருத்தத்தக்க செய்தி. பிற்காலத்தில் ஒரு சகாப்தத்துக்கே பெயராக நின்ற சொல் அது. பத்துப் பாடங்களில் பாண்டித்தியம் என்ற கூப்பாட்டின் நடுவே, மெதுவாகப் போ என்று சொல்லும் துணிவு அந்த ஒருவருக்குத்தான் இருந்தது. போதினி வரிசை முழுவதிலும் இதையே நான் முதல் ஸ்தானத்தில் வைப்பேன்.

ஆயினும் அடுத்த தலைமுறையின் பெரிய வித்துவான்கள் கற்றது அச்சிட்ட ஸ்வரக் குறிப்பிலிருந்து அன்று. துளையிட்ட காகிதச் சுருளைச் சுழலவிட்டால் கட்டைகள் தாமே அமிழ்ந்து வாசிக்கும் தானியங்கிப் பியானோ அப்போது பரவியிருந்தது. நியூயார்க் நகரத்து ஹார்லெமின் தலைசிறந்த பியானோ வித்துவானாகிய ஜேம்ஸ் பி. ஜான்சன் தமது ‘கரோலினா ஷவுட்’டை அத்தகைய சுருளில் பதிவு செய்தார். இளைஞரான ஃபேட்ஸ் வாலர், சுருள் சுழலும்போது அமிழும் கட்டைகளின்மேல் தம் விரல்களைப் பதித்துப் பதித்து அதைப் பழகினார். வாஷிங்டன் நகரில் ட்யூக் எல்லிங்டன் அதே சுருளின் வேகத்தைக் குறைத்துக் குறைத்து ஓடவிட்டுப் பாடம் செய்து, ஜான்சன் அவ்வூருக்கு வந்தபோது அவர் முன்னிலையிலேயே வாசித்துக் காட்டினார். குருவின் கரங்கள் கண்ணுக்குப் புலப்படாவிட்டாலும் அவர் தொட்ட கட்டை எதுவென்று விரலுக்குத் தெரிந்தது. எழுத்துக்கும் செவிக்கும் இடையே நின்ற இந்தக் கருவியைப் போல் வேறெதுவும் ஜாஸ் பியானோவுக்கு இத்தனை மகத்தான சீடர்களைத் தந்ததில்லை.

1923இல் ஸெஸ் கான்ஃப்ரி, ‘கிட்டன் ஆன் தி கீஸ்’ என்ற தமது உருப்படியின் புகழை முதலாகக் கொண்டு ஒரு போதினி வெளியிட்டார். 1926இல் லண்டனில் பில்லி மேயர்ல் அஞ்சல் வழிப் பள்ளி தொடங்கிப் பாடங்களோடு இசைத்தட்டுகளையும் சேர்த்து அனுப்பினார். இவை விரல் சாமர்த்தியத்தை வளர்த்தன; மனோதர்மத்தை வளர்க்கவில்லை. 1930களின் பின்பாதியில் டெடி வில்ஸன், பென்னி குட்மனின் குழுவில் வாசித்துக் கீர்த்தி பெற்றிருந்த நாட்களில், அஞ்சல் வழிப் பாடங்கள் நடத்தினார். வாசிப்பவரே கற்பிப்பவராக அமைந்த அபூர்வங்களில் அதுவும் ஒன்று.

இதற்கிடையில் காகிதத்தின் மீதே ஒரு மாறுதல் நேர்ந்தது. பாட்டுப் புத்தகங்களில் ஸ்வர வரிசைக்கு மேல், ‘கார்டு’ எனப்படும் கூட்டு ஸ்வரங்களின் பெயரை எழுத்தாலும் எண்ணாலும் சுருக்கமாகக் குறிக்கும் வழக்கம் 1920களில் பரவியது. 1942 முதல் ‘ட்யூன்-டெக்ஸ்’ என்ற பெயரில், ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பாட்டின் மெட்டும் கார்டுக் குறிகளும் அச்சிட்டுத் தொழில்முறை வாத்தியக்காரர்களுக்கு அனுப்பினார்கள். அந்த அட்டைகளை உரிமையின்றி நகலெடுத்துத் தொகுத்தவை ‘ஃபேக் புக்’ என்னும் கள்ளப் பிரசுரங்களாயின. மெட்டு ஒன்று, குறிகள் சில. மற்றதெல்லாம் வாசிப்பவரின் சொந்தப் பொறுப்பு. ஆகவே குறியைக் கண்டவுடன் இரண்டு கைகளும் என்ன செய்யவேண்டும் என்பதே இனி வரப்போகும் போதினிகளின் முழுமுதற் கேள்வியாயிற்று.

அந்தக் கேள்விக்கான விடைகள் கல்லூரிகளில் பிறக்கவில்லை. 1940களில் நியூயார்க்கில் மேரி லூ வில்லியம்ஸ் என்ற பியானோ விதுஷியின் வீட்டில் தெலோனியஸ் மங்க், பட் பவல் முதலிய இளைஞர்கள் கூடி, ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்டு, மாற்றி, மறுத்து, விவாதித்துக் கற்றார்கள். அதே தசாப்தத்தில், 1945இல், பாஸ்டனில் லாரன்ஸ் பெர்க் தொடங்கிய ஷில்லிங்கர் ஹவுஸ் பின்னாளில் பெர்க்லீ என்ற பெரும் கலாசாலையாயிற்று. 1947இல் வட டெக்ஸாஸ் அரசுக் கல்லூரி இத்துறையில் முதன்முதலாகப் பட்டப் படிப்பை ஏற்படுத்தியது. கறுப்பின மக்களின் கலையைப் பட்டத்துக்குரிய பாடமாக்கிய அந்தக் கல்லூரியில் கறுப்பின மாணவர்களுக்கு 1950களின் நடுப்பகுதி வரையில் இடமில்லை என்பதை எண்ணும்போது நெஞ்சம் வேகிறது.

வழக்கில் உள்ள சங்கீதமாகிய லட்சியத்தைப் பின்பற்றியே இலக்கணமாகிய லட்சணம் எழும் என்பது சங்கீத சாஸ்திரத்தில் தேர்ந்தவர்களின் கொள்கை. ஜாஸ் பியானோவுக்கு அந்த லட்சண கிரந்தத்தை இயற்றியவர் ஜான் மெஹெகன். ஜூலியார்ட் சங்கீதக் கலாசாலையில் பல ஆண்டுகள் ஜாஸ் கற்பித்தவர். ‘நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூன்’ பத்திரிகையின் விமரிசகர். 1959இல் தென்னாப்பிரிக்கா சென்று அங்கிருந்த கறுப்பின வித்துவான்களுடன் இசைத்தட்டில் வாசித்தவர். அவருடைய ‘ஜாஸ் இம்ப்ரொவைஸேஷன்’ 1959 முதல் 1965 வரையில் நான்கு பாகங்களாக வெளிவந்தது. முதற்பாகத்துக்குச் சங்கீத கர்த்தா லியனார்ட் பெர்ன்ஸ்டைனும் நான்காம் பாகத்துக்குப் பியானோ வித்துவான் பில் எவன்ஸும் முன்னுரை வழங்கினார்கள். ஏழாம் ஸ்வரத்தோடு கூடிய கார்டில் ஐந்து ஜாதிகள், பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களில் ஒவ்வொன்றிலும் அவ்வைந்து, ஆக மொத்தம் அறுபது என்று வகுத்து, எந்தச் சுருதியிலும் பொருந்துமாறு ரோமானிய எண்களால் குறியிட்டு, டெடி வில்ஸன், ஆர்ட் டேட்டம், பட் பவல், ஹொரேஸ் ஸில்வர் முதலியோரின் பாணிகளைப் பகுத்துக் காட்டினார். அறுபதையும் கைப்படுத்துவது வறண்ட உழைப்புத்தான். மெஹெகன் மாணவனை மகிழ்விப்பதற்காக ஒரு வரிகூட எழுதவில்லை.

நான்காம் பாகத்தில் அவர் விளக்கிய இடக்கை முறையை நம் ஸ்வரங்களிலேயே சொல்லிவிடலாம். சங்கராபரண ஸ்வரங்களை வைத்துக்கொண்டு, ரிஷபத்தின் கார்டிலிருந்து பஞ்சமத்தின் கார்டுக்கும் அங்கிருந்து ஷட்ஜத்தின் கார்டுக்கும் போகும் நடையே ஜாஸில் எங்கும் காணப்படும் முத்தாய்ப்பு. இடக்கை முதலில் ம-த-ஸ-க என்ற நான்கையும், அடுத்து ம-த-நி-க என்ற நான்கையும், முடிவில் க-ப-நி-ரி என்ற நான்கையும் பிடிக்கிறது. முதற் கூட்டில் ரிஷபம் இல்லை, இரண்டாவதில் பஞ்சமம் இல்லை, மூன்றாவதில் ஷட்ஜம் இல்லை. ஆதார ஸ்வரத்தைப் பேஸ் வாசிப்பவரிடம் விட்டுவிட்டு, பியானோ மேலே வர்ணத்தை மட்டும் தீட்டுகிறது. முதற் கூட்டுக்கும் இரண்டாவதற்கும் இடையே ஒரே ஒரு விரல், ஸ என்பதிலிருந்து நி என்பதற்கு அரை ஸ்வரம் இறங்குகிறது. மற்ற மூன்றும் அசைவதில்லை. பில் எவன்ஸும் வின்டன் கெல்லியும் 1950களின் பிற்பகுதியில் பிரபலமாக்கிய இந்த நுட்பம், சில ஆண்டுகளுக்குள் உலகின் எந்த மூலையிலும் புத்தகம் வாங்கக்கூடிய எவருக்கும் கிட்டியது. நியூயார்க்கில் பிறக்காதவனுக்கும், குருவை அடைய வழியற்றவனுக்கும் போதினி செய்த உபகாரம் இதைவிடப் பெரிதாக ஒன்றும் இருக்கமுடியாது.

பின்னர் வந்தவற்றுள் இண்டியானாவின் ஜேமி ஏபர்ஸோல்ட் 1967 முதல் வெளியிட்ட தட்டுகள் ஒரு பெரிய குறையைத் தீர்த்தன: ஒரு செவிக்குப் பியானோவும் மறு செவிக்குப் பேஸும் பிரித்துப் பதிந்திருந்ததால், பியானோ பழகுபவன் அந்தப் பியானோவை ஒடுக்கிவிட்டு அதன் இடத்தில் தான் அமரலாம். 1970களின் நடுவில் பெர்க்லீ மாணவர்கள் கையால் எழுதி நகலெடுத்து விற்ற ‘ரியல் புக்’ என்ற ஃபேக் புக் 2004இல்தான் முறையான உரிமையுடன் அச்சாயிற்று. 1989இல் கலிபோர்னியாவின் ஷெர் மியூஸிக் பிரசுரித்த மார்க் லெவீனின் ‘ஜாஸ் பியானோ புக்’, மெஹெகனின் வறட்சியைப் போக்கி, ஒவ்வொரு நுட்பத்தையும் அது ஒலித்த இசைத்தட்டோடு இணைத்துச் சொல்லியது. லெவீன் கியூபத் தாளங்களில் ஊறிய வித்துவான்களுடன் மேடையேறி வாசித்தவராகையால் அந்தச் சம்பிரதாயத்துக்கும் இடம் கொடுத்தார். இன்று உலகெங்கும் ஜாஸ் பியானோ மாணவர்களுக்கு முதலில் சிபாரிசு செய்யப்படும் நூல்களில் அதுவும் ஒன்று.

இத்தனைக்குப் பிறகும் ஜாப்ளின் எதை அசைவு என்றாரோ அது காகிதத்தில் இறங்கவில்லை என்பதே என் தீர்மானமான அபிப்பிராயம். கூட்டு ஸ்வரங்கள் இறங்கின. அவற்றின் இலக்கணம் இறங்கியது. இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே மயிரிழை தாமதித்து, அதனால் கேட்பவரின் உடல் முழுவதையும் அசைக்கும் அந்தக் கால உணர்வு மட்டும் இறங்கவில்லை. பியானோ வித்துவான் லெனி டிரிஸ்டானோ இதை அறிந்துதான், ஸாக்ஸஃபோன் வித்துவான்களான லெஸ்டர் யங், சார்லி பார்க்கர் ஆகியோர் தட்டில் வாசித்ததை வாத்தியத்தைத் தொடுமுன் வாயால் பாடிக் காட்டும்படி தம் சீடர்களைப் பணித்தார். 2021இல் மறைந்த பியானோ வித்துவான் பாரி ஹாரிஸும் பல தசாப்தங்கள் மாணவர்களைச் சூழ இருத்திக்கொண்டு, வாயால் சொல்லியும் பியானோவில் வாசித்துமே கற்பித்தார். எழுபது வயதுப் போதினியானாலும் ஏழு மாதத்துப் போதினியானாலும், அதைத் திறக்கப்போகும் இளைஞர்களுக்கு நான் கேட்டுக்கொள்வது இதுதான்: இடக்கைப் பாடத்துக்குப் போகுமுன், மைல்ஸ் டேவிஸ் குழுவினர் 1959 மார்ச் 2ஆம் தேதி பதிவு செய்த ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ என்ற உருப்படியில் வின்டன் கெல்லி முதலாவதாக எடுத்து வாசிக்கும் தனியைக் கேளுங்கள், அது மனப்பாடமாகும்வரை, முணுமுணுக்க வரும்வரை கேளுங்கள், பிறகு புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஜாப்ளின் சொன்ன நிதானத்தில் ஆரம்பியுங்கள்.