புரட்டாசிச் சமையல்: கிள்ளான் அடுப்படியில் சைவமும் வீகனும்

புரட்டாசி பிறந்துவிட்டால் கிள்ளானில் பல வீடுகளில் மீன் சட்டி பரண் ஏறிவிடும். 1892-ஆம் ஆண்டு தொடங்கிய வரலாறு கொண்ட கிள்ளான் ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் ஆலயத்தில் அம்மாதச் சனிக்கிழமைகளில் பக்தர் கூட்டம் அலைமோதும். செப்டம்பர் நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை நீளும் இம்மாதம் முழுதும் சைவம் காப்பவர்கள் உண்டு. சனிக்கிழமை மட்டும் காப்பவர்களும் உண்டு.

சைவம் என்பது நம் வழக்கில் மீன், இறைச்சி, முட்டையைத் தவிர்ப்பது. பால், தயிர், நெய்க்குத் தடையில்லை. வீகன் உணவில் அவையும் கிடையாது, தேனும் கிடையாது. பெயர் புதிதாக இருந்தாலும் சாப்பாடு நமக்குப் புதிதல்ல. புளிக்குழம்பு, பருப்பு ரசம், கீரைக் கடையல், வாழைக்காய் வறுவல், சுண்டல், இட்லி, தோசை எல்லாமே நெய்யைத் தவிர்த்தால் வீகன்தான். ரயில்வே குடியிருப்புகள் இருந்த பிரிக்பீல்ட்ஸில் வாழ்ந்த யாழ்ப்பாணக் குடும்பங்களின் சொதியும் அப்படியே: பச்சைமிளகாய், வெங்காயம், மஞ்சள், தேங்காய்ப்பால். மாசிக் கருவாடு போடாமல் செய்து, அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழிய வேண்டும். கொதிக்கும்போது பிழிந்தால் பால் திரிந்துவிடும்.

சிக்கல் நம் பழைய சமையலில் இல்லை, கடையில் வாங்கும் போத்தலிலும் பாக்கெட்டிலும் இருக்கிறது. பெலாச்சான் என்பது இறால் விழுது. பாசாரில் வாங்கும் சம்பாலில் அதுவோ நெத்திலியோ இல்லாமல் இருப்பது அரிது. காய்கறிப் பிரட்டலுக்கு ஊற்றும் சிப்பி சாஸும் அசைவமே. பொருளில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதை லேபிளில் எழுத 1985 உணவு விதிமுறைகள் கட்டாயப்படுத்துகின்றன. அதில் உடாங் (இறால்), ஈக்கான் (மீன்), திராம் (சிப்பி), தெலுர் (முட்டை), சுசு (பால்), ஜெலட்டின் ஆகிய சொற்களைத் தேடினால் போதும். பாட்டி தாத்தாவுக்கு எழுத்து பொடியாகத் தெரியும், பேரப்பிள்ளைகள் வாசித்துக் காட்டலாம்.

சைவக் கோழி, சைவ ஆட்டிறைச்சி என்று உறைய வைத்து விற்பவை கோதுமைப் புரதத்திலும் சோயாவிலும் செய்யப்படுபவை. பிடிமானத்துக்காகச் சிலவற்றில் முட்டை வெள்ளைக்கரு, பால்புரதம் சேர்க்கப்படும், உப்பும் தாராளம். கல்யாணப் பந்தியில் ஒருநாள் சாப்பிடலாம். விரத மாதம் முழுக்க அதையே குழம்பாக்குவது விரதத்துக்கும் உடம்புக்கும் பொருத்தமில்லை.

அதைவிடப் பெரிய குறை, விரத மாதத்தில் தட்டில் சோறு மட்டும் கூடுவது. மீனும் கோழியும் போன இடத்தில் இன்னொரு கரண்டி சோறும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் வந்து உட்காரும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டில் பெரியவர்களில் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் அதிகம். இத்தகைய வீடுகளில் விரதச் சாப்பாடு சர்க்கரை அளவை ஏற்றிவிடும். போன மீனுக்குப் பதில் புரதம் வர வேண்டும். வெந்த பருப்பு 100 கிராமில் சுமார் 7 முதல் 9 கிராம் புரதம் இருக்கும், ஆனால் சாம்பாரில் தண்ணீரே அதிகம். கெட்டிப் பருப்புக் கடையல், பயறு, கொண்டைக்கடலை, தௌஃபு ஆகியவை கைகொடுக்கும்.

எல்லாவற்றிலும் மலிவாகவும் நிறைவாகவும் கிடைப்பது தெம்பே. ஜாவாவிலிருந்து வந்த உணவு இது. சிலாங்கூர் கடலோரக் கம்பங்களில் குடியேறிய ஜாவானியர்களால் நம் பாசாருக்கும் வந்தது. சோயாவைப் பூஞ்சையால் நொதிக்க வைத்துச் செய்வதால் 100 கிராமில் சுமார் 19 கிராம் புரதம் உண்டு. விரல் தடிமனுக்கு நறுக்கி, மஞ்சளும் உப்பும் தடவி, கொஞ்சம் எண்ணெயில் பொன்னிறமாக வறுக்க வேண்டும். வெந்தயம், கறிவேப்பிலை தாளித்துப் புளிக்குழம்பு கொதித்து வற்றும் நேரத்தில் போட்டு ஐந்து நிமிடம் விட்டால் புளி உள்ளே இறங்கும். பெருமாளுக்குப் படைப்பதற்கு வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்கள் பெருங்காயத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். கத்திரிக்காய்க் குழம்புக்குப் பழகிய நாக்குக்கு முதல் நாள் தெம்பேயின் வாசனை பிடிக்காமல் போகலாம். நன்றாக வறுத்தால் அது அடங்கிவிடும்.

தோட்டத்து லயன் வீடுகளின் பின்புறம் வளர்ந்த முருங்கை, மணத்தக்காளி, மரவள்ளி இப்போது தாமான் வீட்டு வேலியோரம் வந்துவிட்டன. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காதபோது தோட்டத்து மக்களைக் காத்தது மரவள்ளிதான். அதன் கிழங்கிலும் கொழுந்திலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருப்பதால் பச்சையாக உண்ணக் கூடாது. கிழங்கைத் தோலுரித்துத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து வடித்துவிட வேண்டும். கொழுந்தையும் மூடி போடாமல் வேகவைத்து நீரைக் கொட்டிவிட்டுத்தான் தேங்காய்ப்பால் சேர்க்க வேண்டும். முருங்கைக்கீரைக்கு இந்தப் பாடு இல்லை. அதன் இரும்புச்சத்து உடம்பில் சேர ஓர் எலுமிச்சைத் துண்டு உதவும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அந்தச் சத்து சேராமல் தடைபடும், ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

செடிகொடிகளிலிருந்து கிடைக்காதது வைட்டமின் பி12. பெரியவருக்கு ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் தேவை. ஒரு மாத விரதத்தில் பயமில்லை, கல்லீரலில் அதன் சேமிப்பு இருக்கும். ஆண்டுக்கணக்கில் வீகனாக இருப்பவர்கள் அது சேர்க்கப்பட்ட சோயாப் பாலையோ மாத்திரையையோ நாட வேண்டும். நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் நெடுங்காலம் சாப்பிடுபவர்களுக்கு அந்த மருந்தாலும் பி12 குறையும். கால் மரத்துப்போவதைச் சர்க்கரையின் வேலை என்று விட்டுவிடாமல், கிளினிக்கில் அடுத்த முறை இரத்தம் எடுக்கும்போது இதையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.