கருத்துக் கேட்டு வளர்ந்த கணிப்பொறி வலை

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாணவர் மின்சுற்றை இணைத்து முடித்ததும், சாவியைப் போடுமுன் ஆசிரியரிடம் காட்ட வேண்டும். தவறாக இணைத்த கம்பியை அப்போது மாற்றுவது ஒரு நிமிட வேலை. மின்னோட்டம் பாய்ந்த பிறகென்றால் கால்வனாமீட்டரே பழுதாகிவிடலாம். கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோருக்கும் இது பொருந்தும். அதற்குச் சிறந்த சான்று, இன்றைய இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் பிறந்த கதை.

1969-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்ப்பா நிறுவனம், தொலைவிலுள்ள கணிப்பொறிகளை ஒரே வலையாக இணைக்க முற்பட்டது. முதலில் தேர்ந்த இடங்கள் நான்கு: லாஸ் ஏஞ்சல்ஸிலும் சாண்டா பார்பராவிலும் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகங்கள், ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையம், யூட்டா பல்கலைக்கழகம். நான்கிலும் நான்கு வகைக் கணிப்பொறிகள். செய்திகளை ஊர்விட்டு ஊர் கடத்தும் சிறு கணிப்பொறிகளைச் செய்யும் பொறுப்பை பி.பி.என். என்ற நிறுவனம் ஏற்றிருந்தது. ஆனால், அந்த நான்கு பெரிய கணிப்பொறிகளும் எந்த விதிப்படி ஒன்றோடொன்று உரையாடுவது? அதை வகுக்கும் வேலை பெரும்பாலும் பட்டமேற்படிப்பு மாணவர்களிடமே வந்து சேர்ந்தது.

அவர்களுள் ஒருவர் லாஸ் ஏஞ்சல்ஸில் பயின்ற ஸ்டீவ் க்ராக்கர். குழுவின் எண்ணங்களை எழுதி வைக்க முன்வந்த அவருக்கு ஓர் அச்சம். அதிகாரம் பெற்ற வல்லுநர்கள் யாரேனும் பின்னர் வந்து, மாணவர்கள் வரம்பு மீறியதாகக் கருதினால்? நண்பர்கள் வீட்டில் தங்கியிருந்த அவர், உறங்குவோரை எழுப்ப மனமின்றி, இரவில் குளியலறையில் அமர்ந்து எழுதினார். அந்தக் குறிப்புகளுக்கு அவர் இட்ட பணிவான பெயர் 'கருத்துரைக்கான வேண்டுகோள்'. முதற்குறிப்பின் நாள் 1969 ஏப்ரல் 7.

அதே மாதம் வந்த மூன்றாம் குறிப்பு, எழுதும் முறையைக் கூறிற்று. மெருகேறும் வரை காத்திருக்க வேண்டாம். விடை தெரியாத வினாவையும் அனுப்பலாம். ஒரே வாக்கியமானாலும் போதும். ஏன் இவ்வளவு தாராளம்? எழுத்தில் வந்ததை முடிந்த முடிவாகக் கொள்வது மனித இயல்பு. அரைகுறை எண்ணத்தை வெளியிடக் கூசுவதும் இயல்பே. இவ்விரண்டையும் தளர்த்துவதே நோக்கம். குறிப்புகள் தாளில் அச்சாகித் தபாலில் சென்றன.

இதன் பயன் விரைவில் தெரிந்தது. மாணவர்களின் முதல் திட்டத்தில், ஒரு கணிப்பொறி ஏவும், மற்றது பணி செய்யும். 1969 டிசம்பரில் யூட்டாவில் ஆர்ப்பாவின் லாரி ராபர்ட்ஸிடம் இதை விளக்கினார்கள். இந்த முதற்படி போதாது என்று அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். மாணவர்கள் மனம் வருந்தியிருக்கலாம். ஆனால் அப்போது வலையில் இருந்தவை நான்கே இடங்கள். மாற்றியமைக்கச் சில மாத உழைப்பே தேவைப்பட்டது. இரு கணிப்பொறிகளும் சமநிலையில் உரையாடும் புதிய விதிமுறை உருவாயிற்று. 1972 அக்டோபரில் வாஷிங்டனில் வலை பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டப்பட்டபோது, அதன் அடித்தளமாக இருந்தது அந்த விதிமுறைதான்.

1983 ஜனவரி 1-இல் அதன் இடத்தை டி.சி.பி./ஐ.பி. என்னும் விதிமுறை பிடித்தது. ஆனால் குறிப்பெழுதும் வழக்கம் நிற்கவில்லை. இன்று அவ்வரிசையில் 9,000-க்கும் மேற்பட்ட குறிப்புகள் உள்ளன. பெயரும் மாறவில்லை.

முடிந்த வேலையைக் காட்டினால் பாராட்டுக் கிடைக்கலாம். முடியாத வேலையைக் காட்டினால்தான் திருத்தம் கிடைக்கும். சாவியைப் போடுமுன் அழைக்கும் மாணவரைக் கண்டு எந்த ஆசிரியரும் சிரிப்பதில்லை.